கெட்டிலைக் கவிழ்த்தது அக்காவா, தம்பியா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூடுல்ஸுக்காகச் சாப்பாட்டு மேஜையில் மின்கெட்டிலைப் போட்டுவிட்டு பிள்ளைகளின் அம்மாவான நீங்கள் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கெட்டில் கவிழ்ந்து, ஆறு வயது மகனுக்கு இடது முன்கையும் தொடையும் வெந்துவிட்டன. பத்து வயது மகள் பதறிப்போய் டூத்பேஸ்ட்டை எடுத்துத் தடவியிருக்கிறாள். "அவன்தான் வயரை இழுத்தான்" என்கிறாள் அவள். "அக்காதான் என்னைத் தள்ளினா" என்கிறான் அவன். "மூத்தவ, பொம்பளப் புள்ள, பாத்துக்க வேணாமா?" என்பது பாட்டியின் தீர்ப்பு. பத்து நாளில் புண் ஆறி வருகிறது, சண்டைதான் ஆறவில்லை. யார் சொல்வது உண்மை, யாரைத் தண்டிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

யார் சொல்வது உண்மை என்றால், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க நிறையவே இடம் இருக்கிறது. மழுப்பலுக்காகச் சொல்லவில்லை, கெட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வயர் கெட்டிலோடு சேர்ந்ததில்லை. கெட்டில் உட்காரும் வட்டத் தட்டோடு சேர்ந்தது. தட்டின் நடுவில் துருத்தி நிற்கும் குமிழ், கெட்டிலின் அடியில் இருக்கும் குழிக்குள் போய் உட்காருகிறது. வயரை இழுத்தால் தட்டு நகரும். குமிழ் பிடித்திருப்பதால் கெட்டிலும் கூடவே வரும். மேஜை விளிம்பைத் தாண்டியதும் இரண்டும் சேர்ந்து இழுத்தவர் பக்கம் கவிழும். வயரை யாரும் தொடாமல் கெட்டிலை மட்டும் இடித்திருந்தால் அது குமிழிலிருந்து கழன்று சாய்ந்திருக்கும், தட்டு மேஜையிலேயே கிடந்திருக்கும். அன்று தட்டு எங்கே கிடந்தது என்று நினைவிருந்தால் பாதி விடை உங்கள் கையில்.

தட்டு தரையில் கிடந்தது என்றே வைத்துக்கொள்வோம். வயர் இழுபட்டிருக்கிறது, சரி. எதனால் இழுபட்டது? ஒரு நாற்காலிக்காகவோ ரிமோட்டுக்காகவோ இருவரும் மல்லுக்கட்டியிருக்கலாம். அக்கா தள்ள, தம்பி தடுமாற, விழாமல் இருக்க அவன் கை எதையாவது பற்றியிருக்கும். பற்றியது தொங்கிக்கொண்டிருந்த வயராக இருந்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் "இழுத்தான்" என்பதும் நிஜம், "தள்ளினா" என்பதும் நிஜம். அவள் பார்த்தது அவன் கையை, அவன் பார்த்தது அவள் கையை. அவரவர் கை என்ன செய்தது என்பது அந்த ஒரு நொடியில் அவரவருக்கே சரியாகத் தெரிந்திருக்காது.

வயரை அங்கே தொங்கவிட்டது யார் என்று மட்டும் இரண்டு பிள்ளைகளுமே கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வராது. அதனால் நான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாதாரணச் சாப்பாட்டு மேஜை எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரம். ஆறு வயதுப் பையன் சுமார் 115 சென்டிமீட்டர் இருப்பான். விளிம்பிலிருந்து வளைந்து இறங்கிச் சுவர் பிளக்குக்குப் போகும் வயர் அவன் இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில், நடைபாதையின் குறுக்கே நிற்கிறது. கை பட வேண்டும் என்றுகூட இல்லை, ஓடும்போது கால் பட்டாலே போதும். கெட்டில் 1500 வாட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரியிலிருந்து நூறுக்குக் கொண்டுபோக மூன்றேகால் நிமிடம் பிடிக்கும். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் நான்கு. துணி எடுக்கப் போன ஐந்து நிமிடத்துக்குள் பச்சைத் தண்ணீர் கொதிநீர் ஆகிவிட்டது. அறுபது டிகிரித் தண்ணீரே பெரியவர்கள் தோலை ஐந்து நொடியில் ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வேகும். இங்கே கவிழ்ந்ததோ நூறு டிகிரி.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. எல்லா வீட்டிலும் கெட்டில் அப்படித்தான் இருக்கிறது. விபத்து நடக்க வேண்டுமென்றால் நாலைந்து காரியம் ஒரே நேரத்தில் கூடி வர வேண்டும்: கொதிநீர், தொங்கும் வயர், குறுகலான வழி, பெரியவர் இல்லாத ஐந்து நிமிடம், ஒரு சண்டை. இதில் எந்த ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் தொடை வெந்திருக்காது. ஐந்தில் ஒன்றை மட்டும் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள், மற்ற நான்கும் பெரியவர்கள் ஏற்பாடு. "யார்?" என்று கேட்கிற வீட்டில் அந்த நான்கும் அப்படியே இருக்கும். அடுத்த முறை வேறு பிள்ளை, வேறு பாத்திரம்.

இனி, பத்து நாளாக நடந்த விசாரணை. அதை இன்றோடு நிறுத்துங்கள். "நீதானே தள்ளின? உண்மையைச் சொல்லு" என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பதில் துலங்குவதில்லை, உறைந்துபோகிறது. கேள்விக்குள் ஒளிந்திருக்கும் சேதி குழந்தையின் நினைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது ஆய்வில் காட்டப்பட்ட விஷயம். 1995இல் மிஷேல் லைக்ட்மன், ஸ்டீபன் செசி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இது. சாம் ஸ்டோன் என்ற பெயரில் ஓர் ஆள் மழலையர் வகுப்புக்கு வந்து, இரண்டு நிமிடம் இருந்துவிட்டு, எதையும் தொடாமல் போய்விடுகிறார். சாம் ஸ்டோன் ஒரு தடுமாற்றக்காரர், எதையாவது உடைத்துக்கொண்டே இருப்பார் என்று சில குழந்தைகளுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். பிறகு வாரக்கணக்கில், அவர் புத்தகத்தைக் கிழித்தது போலவும் பொம்மைக் கரடியை அழுக்காக்கியது போலவும் தொனிக்கும் கேள்விகளைக் கேட்டார்கள். கடைசியில் பல குழந்தைகள் அவர் கிழித்தார், அழுக்காக்கினார் என்றே சொன்னார்கள். மூன்று நான்கு வயதுக்காரர்களிடம் இது அதிகம், ஐந்து ஆறில் குறைவு, ஆனாலும் இருந்தது. உங்கள் மகன் "அக்கா தள்ளினா" என்று இப்போது சொல்வதில் அவன் கண்ட காட்சி எவ்வளவு, பத்து நாளாக அத்தையும் பெரியம்மாவும் போனில் கேட்டுக் கேட்டு ஊட்டியது எவ்வளவு என்று இனிப் பிரித்தெடுக்க முடியாது. அதனால் கண்டுபிடிப்பதை விட்டுவிட்டு, இருவரும் மனதில் இருப்பதைக் கொட்ட ஒரு வாய்ப்புக் கொடுப்பதுதான் மிச்சம்.

அதைச் செய்யும் விதம் இது. இருவரையும் தனித்தனியாக, வெவ்வேறு நாளில் உட்கார வையுங்கள். முதலில் மகள். காயம் பட்டவனுக்குப் பத்து நாளாக எல்லோருடைய பரிவும் கிடைத்திருக்கிறது, அவளுக்குக் கிடைத்தது கேள்வி மட்டும். சாப்பிட்ட பிறகு, டிவி அணைத்து, கதவைச் சாத்தி, எதிரெதிரே இல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் மேஜை, நாற்காலி, பிளக், வயர் எல்லாவற்றையும் கோடாக வரைந்து, இரண்டு புளியங்கொட்டைகளை வைத்து "இது நீ, இது தம்பி" என்று சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு வாக்கியம்: "யார் மேல தப்புன்னு கேக்க வரல. அன்னிக்கு ஆரம்பத்துல இருந்து என்ன நடந்துச்சுன்னு நகத்திக் காட்டு, நான் நடுவுல பேச மாட்டேன்." அதற்கப்புறம் உங்களுக்கு அனுமதி "அப்புறம்?" என்ற ஒரு வார்த்தைக்குத்தான். அவள் நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம், அவளுக்கு அது யோசிக்கும் நேரம்.

"ஏன்" என்ற சொல்லையே அந்த அரை மணிக்குத் தள்ளி வையுங்கள். "ஏன் தள்ளின?" என்பது நம் வீடுகளில் கேள்வியாகக் கேட்கப்படுவதில்லை, அடிக்கு முன்னால் வரும் அறிவிப்பு அது. வாயைத் திறக்கும் முன்பே பிள்ளை சாக்குத் தேடும். "தம்பி வேற மாதிரி சொன்னானே" என்று ஒப்பிடுவதும் வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வியைப் பொறி போல வைப்பதும் வேண்டாம். தெரிந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள். மறுநாள் தம்பியிடமும் அதே தாள், அதே புளியங்கொட்டை. ஆறு வயதுக்குப் பத்து நிமிடம் அதிகம், சலித்தால் விட்டுவிடுங்கள். கெட்டிலைக் கொண்டுவந்து நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள், காலியாக இருந்தாலும் சரி. வெந்த பிள்ளைக்கு அதைப் பார்த்தாலே கை நடுங்கலாம்.

இரண்டு பேச்சும் முடிந்து, இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும்போது முதலில் பேச வேண்டியவர் நீங்கள். "கெட்டிலை மேஜை ஓரத்துல வச்சது நான். வயர் தொங்கினதைப் பார்க்காம மாடிக்குப் போனதும் நான். அது என் தப்பு." மூன்று வாக்கியம் போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நீட்டினால் பிள்ளைகள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும், அந்தப் பாரம் அவர்களுக்கு எதற்கு. நீங்கள் உங்கள் பங்கைச் சொன்ன பிறகு, பெரும்பாலும் யாராவது ஒருவர் தன் பங்கைத் தானாகச் சொல்வார். சொல்லாவிட்டாலும் கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்துத் தூங்கப்போகும் நேரத்தில் வரும்.

ஒருவேளை அக்கா தள்ளியது நிஜம் என்றே வந்தால்? தள்ளியது தப்பு. அது தள்ளியதன் அளவுக்கான தப்பு, வெந்த தொடையின் அளவுக்கான தப்பாகாது. இதில் பெரியவர்களே தடுமாறுகிறோம். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1930களின் தொடக்கத்தில் குழந்தைகளிடம் இரண்டு கதைகளைச் சொல்லிப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று ஒரு பையன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலியில் தட்டு இருந்தது அவனுக்குத் தெரியாது, பதினைந்து கோப்பைகள் உடைகின்றன. இன்னொரு பையன் அம்மா இல்லாத நேரத்தில் அலமாரியிலிருந்து ஜாம் திருட ஏறுகிறான். ஒரே ஒரு கோப்பை உடைகிறது. யார் பெரிய குறும்புக்காரன்? சின்னக் குழந்தைகளில் பலர் பதினைந்து உடைத்தவனைச் சொன்னார்கள். வயது ஏற ஏறத்தான் நோக்கத்தைப் பார்க்கும் பழக்கம் வருகிறது. ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துத் தண்டனையின் அளவை முடிவு செய்கிற பெரியவர் அந்தச் சின்னக் குழந்தையின் கணக்கைத்தான் போடுகிறார். கெட்டில் கவிழாமல் போயிருந்தால் அந்தத் தள்ளுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? "ஏய், தள்ளாதே" என்றிருப்பீர்கள். அதே அளவில் சொல்லுங்கள், கூடவே "சூடான சாமான் பக்கத்துல சண்டை வந்தா ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு வெளிய வந்துடணும்" என்ற விதியையும் வையுங்கள்.

சட்டமே இதில் நம்மைவிட நிதானமாக இருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு ஏழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை செய்த எதையும் குற்றமாகக் கொள்ளவில்லை. 83ஆம் பிரிவு, ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தன் செயலின் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கச் சொன்னது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்த பிறகும் 20, 21ஆம் பிரிவுகளாக அதே ஏற்பாடு தொடர்கிறது. நீதிமன்றம் கொடுக்கும் சலுகையைக் கூடத்தில் நாம் கொடுக்க மாட்டேன் என்கிறோம்.

வேண்டுமென்றே காயப்படுத்தும் பிள்ளை என்று ஒன்று கிடையாதா? உண்டு, ஆனால் அதன் அடையாளம் வேறு. பெரியவர் பார்க்காத நேரமாகப் பார்த்துத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துவது, நெருப்போடு விளையாடுவது, பிராணிகளை வதைப்பது, காயம் பட்டவர் அழும்போது எந்த அசைவும் காட்டாமல் நிற்பது. இவை இருந்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். பதறிப்போய் டூத்பேஸ்ட்டைத் தேடி ஓடிய பிள்ளை அந்த வகையில் சேர மாட்டாள்.

தண்டனை பற்றிக் கேட்டீர்கள். அடித்தால் உண்மை வரும் என்ற நம்பிக்கைக்கு நேரெதிரான சான்று இருக்கிறது. விக்டோரியா டால்வார், காங் லீ இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் நடந்தது. ஒன்றில் பிரம்படி வழக்கம், இன்னொன்றில் இல்லை. திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் போன பொம்மையைப் பார்த்தாயா என்று மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் கேட்டார்கள். பிரம்படிப் பள்ளிக் குழந்தைகள் அதிகம் பொய் சொன்னார்கள், அதைச் சாமர்த்தியமாகவும் சொன்னார்கள். அடிக்குப் பயந்த பிள்ளை கற்றுக்கொள்வது நல்ல பொய். இதே ஆய்வாளர்கள் வேறு சோதனைகளில், "உண்மையைச் சொல்றேன்னு சொல்லு" என்று முன்கூட்டி ஒரு வாக்கு வாங்கிக்கொண்டால் பொய் குறைகிறது என்றும் கண்டார்கள். இதைக் கேட்டுவிட்டுக் கற்பூரத்தை ஏற்றி "சாமி மேல சத்தியம் பண்ணு" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். சாமி கண்ணைக் குத்தும் என்ற பயத்தில் செய்யாததையும் ஒப்புக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதாரணமாகக் கேட்டு வாங்கும் வாக்கு போதும். அதோடு, உண்மை வந்தபின் அதற்காகத் திட்டோ அடியோ விழக்கூடாது. ஒருமுறை விழுந்தால் இந்தக் கதவு நெடுநாளைக்குச் சாத்திக்கொள்ளும்.

"அக்காகிட்ட ஸாரி கேளு", "தம்பிகிட்ட ஸாரி சொல்லு" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும் பலன் தராது. சொல்லச் சொன்னதற்காகச் சொன்ன ஸாரியைக் கேட்டவனும் நம்புவதில்லை, சொன்னவளுக்கும் கசப்பு. வேலை கொடுங்கள். கட்டுப் பிரிக்கிற நாளில் அவனுக்குக் கதை வாசிப்பது, வெந்த கை நனையாமல் மூடிக் குளிக்க வைக்க உதவுவது, இப்படி ஒன்றிரண்டு, அதுவும் ஒரு வாரத்துக்கு. "இனிமே தம்பிக்கு எல்லாம் நீதான் செய்யணும்" என்று ஆயுள் தண்டனை விதித்தால் அவள் அவனை வெறுக்கத் தொடங்குவாள்.

பாட்டி விஷயம் கொஞ்சம் கஷ்டம். அவர் கெட்டவர் இல்லை. பத்து வயதில் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு அலைந்த தலைமுறைக்கு மூத்த பெண்பிள்ளை என்றால் பாதி அம்மா. ஆனால் பத்து வயதுப் பிள்ளையைக் கொதிநீருக்குக் காவல் வைக்க முடியாது. தானே விளையாட்டில் மூழ்கிப்போகும் வயது அது. பிள்ளைகள் முன்னால் வாதாடாதீர்கள், தனியாகச் சொல்லுங்கள்: "அத்தை, கெட்டிலை ஓரத்துல வச்சது நான்தான். புள்ளைய இனிமே கேக்க வேணாம், ராத்திரி தூங்க மாட்டேங்கிறா." மாமியாரிடம் தப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர் உங்களைத் திட்டுவார், அதோடு தீர்ந்தது. பெரியவர்கள் வாங்கும் திட்டு இரண்டு நாளில் போய்விடும், பத்து வயதில் வாங்கிய "நீதான் தம்பியைச் சுட்டுட்ட" அப்படிப் போகாது. போனில் விசாரிக்கும் உறவினர்களிடம் "சுடுதண்ணி கொட்டிடுச்சு, ஆறிக்கிட்டிருக்கு" என்பதற்கு மேல் விவரம் வேண்டாம். உங்கள் கணவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அவர் வாயிலிருந்து வேறு கதை வரக்கூடாது.

அடுத்து கெட்டில். இதில் பிள்ளைகளையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், நூறு அறிவுரைக்கு இது மேல். தையல் டேப்பை மகளிடம் கொடுத்து வயரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கெட்டில் தட்டுகளின் அடியில் மிச்ச வயரைச் சுற்றிவைக்க ஒரு பள்ளம் இருக்கும். பலர் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. சுற்றியது போக ஒரு சாண் மட்டும் வெளியே விட்டு, சமையல் மேடையில் சுவரை ஒட்டி, பிளக்குக்கு நேர் கீழே வைத்துவிடுங்கள். சாப்பாட்டு மேஜைக்குக் கெட்டில் வரவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் போடாதீர்கள்: 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர், வீட்டில் புழங்கும் சின்ன எக்ஸ்டென்ஷனோ ஆறு ஆம்பியருக்கு ஆனது. மேஜை விரிப்பு தொங்குகிறதென்றால் அதையும் எடுத்துவிடுங்கள், குழந்தை இழுத்தால் மேலே இருக்கும் ரசமும் கூடவே வரும்.

கெட்டிலோடு நின்றுவிடக்கூடாது, நம் வீடுகளில் இதே விபத்து வேறு வடிவங்களில் காத்திருக்கிறது. குளியலறையில் ஹீட்டர் ராடு போட்ட பக்கெட் அதில் மோசமானது. மின்சாரமும் கொதிநீரும் ஒரே இடத்தில், குழந்தை உட்கார்ந்தால் உள்ளே விழும் உயரத்தில். ராடு ஓடும்வரை கதவு வெளியே தாழ் போட்டிருக்க வேண்டும். குளிக்க விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். மாற்றிச் செய்தால், கையை விடுகிற பிள்ளைக்குக் கிடைப்பது வெறும் வெந்நீர். கீசர் என்றால் வெப்பத்தை ஐம்பது டிகிரிக்குக் குறைத்து வையுங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் சாம்பார்ச் சட்டியை வட்டத்தின் நடுவில் வைக்காமல் பரிமாறுபவர் பக்கத்தில் வைக்க வேண்டும். அடுப்பில் வாணலியின் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். கல்யாணப் பந்தியில் வாளியோடு வருபவர் "சூடு, சூடு" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவாரே, அதை வீட்டிலும் பழக்குங்கள். சூடானதை யார் தூக்கினாலும் சத்தம், சத்தம் கேட்டால் மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஆறு வயதுக்காரனுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியாக அந்த டூத்பேஸ்ட். அதற்காக அவளைத் திட்டியிருந்தால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களே பேனா மை, மஞ்சள், மாவு, வெண்ணெய், முட்டையின் வெள்ளை என்று தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பேஸ்ட்டில் இருக்கும் புதினா ஜில்லென்று ஏமாற்றும். அடியில் சூடு அப்படியே தங்கும், தோல் இன்னும் எரியும், பிறகு மருத்துவர் அதைக் கழுவி எடுத்தால்தான் காயத்தின் ஆழமே தெரியும். "தம்பிக்கு ஏதாவது செய்யணும்னு ஓடினியே, அது நல்ல காரியம். எது செய்யணும்னு நாங்க சொல்லிக் குடுக்கல" என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.

வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம் ஓட வேண்டும். இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை வைத்துக்கொண்டு நல்ல கையை நீட்டிப் பழகிப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். நம் ஊர் வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் சுடும் என்பதையும் அப்போதே கண்டுபிடிப்பார்கள். அப்படியானால் குடிநீர் கேனிலிருந்தோ பானையிலிருந்தோ குவளை குவளையாக ஊற்ற வேண்டும். ஐஸ் வைக்கக்கூடாது, அது வெந்த தோலை மேலும் கெடுக்கும். கொதிநீரில் நனைந்த சட்டையை உடனே கழற்ற வேண்டும், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்கக்கூடாது. வளையல், மோதிரம், அரைஞாண் கயிறு எல்லாம் வீங்குவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். உடம்பின் மற்ற பகுதி குளிராமல் துண்டால் போர்த்த வேண்டும். வெந்து மூன்று மணி நேரத்துக்குள் என்றால் தாமதமாகத் தொடங்கினாலும் பலன் உண்டு. பிறகு துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடினால் போதும், கொப்புளத்தை உடைக்கக்கூடாது. குழந்தையின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை, அதன் உடம்பில் சுமார் ஒரு சதவீதம். அதைவிடப் பெரிதாக வெந்திருந்தாலும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்றாலும் அளவு பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அம்மா மாடியில் இருந்தால் மூத்தவள் செய்ய வேண்டியது கத்துவது, குழாயைத் திறப்பது, 108ஐ அழைப்பது, இந்த மூன்றுதான்.

உங்கள் மகனின் புண் இரண்டு வாரத்தில் மூடிவிட்டால் தழும்பு பெரும்பாலும் லேசாகவே இருக்கும். மூன்று வாரமாகியும் மூடாவிட்டால் தீக்காயச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள், சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆறும்போது நன்றாக அரிக்கும். அவன் சொறிந்துவிட்டு "அக்கா கை பட்டுடுச்சு" என்று சொல்லவும் கூடும், அதற்கு முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள். வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள். இருவரில் யாருக்காவது கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், சமையலறைப் பக்கம் வர மறுப்பது, காரணமில்லாத வயிற்றுவலி இதெல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் 14416க்கு அழையுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். காயம் பட்டவனைவிட, காயத்துக்குக் காரணம் என்று பேர் வாங்கியவளை இந்த ஒரு மாதம் கூடுதலாகக் கவனியுங்கள்.